வளையம் ஆற நாற்பது நிமிடம்

இன்றுவரை ஆகாயத்தில் ஏறிய எந்த விமானமும் சித்தியைக் கேட்காமல் ஏறியதில்லை. மேகங்கள் அவள் வீட்டு மொட்டை மாடியைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும். அவள் முறைத்தால் இரும்புத் தகடு எழுந்து நின்று, "எந்தப் பக்கம் கோணணும், எத்தனை மில்லி கோணணும்?" என்று கேட்டுவிட்டு, அதற்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் கோணும். இடி இடிக்கிறதே, அதுகூட சித்தி கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இடிக்கிறது.

இத்தனையும் பச்சைப் பொய். சித்தி விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டாலே அவளுக்குத் தலை சுற்றும். இதை எழுதுகிறவளுக்கு அவள் அம்மாவின் தங்கை என்பதால் கடைசிவரை சித்தி என்றுதான் பெயர். வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கு வேறு பெயர். ஜோசியக்காரி.

அந்தத் தொழிற்சாலையில் விமான எஞ்சினின் வெளிக்கூடு செய்கிறார்கள். மெல்லிய உலோகக் கூடு ஒன்று, அதன் வாயில் உட்காரும் தடித்த வளையம் ஒன்று. இரண்டையும் சுற்றிவரப் பற்றவைத்து ஒன்றாக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சட்டிக்கு விளிம்பு கட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் உலோகம் ஒரு ரோஷக்கார ஜாதி. பற்றவைக்கிற இடம் சூட்டில் ஊதிப் பெருகப் பார்க்கும். பக்கத்தில் சூடில்லாமல் நிற்கிற உலோகம், "இங்க இடமில்ல, ஒழுங்கா இரு" என்று நெருக்கும். பிறகு ஆறும்போது அந்த இடம் சுருங்கி, நெருக்கினவனையெல்லாம் சேர்த்துப் பிடித்து இழுக்கும். கூட்டுக் குடும்பத்தில் நடப்பதுதான். அங்கே மில்லிமீட்டரில் நடக்கிறது. வட்டம் அரை மில்லிக்கு மேல் கோணிவிட்டால் வளையம் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

அது எப்படிக் கோணும் என்று பற்றவைப்பதற்கு முன்பே சொல்வதுதான் சித்தியின் வேலை. கம்ப்யூட்டரில் அதே வளையத்தைச் செய்வாள். அதை இரண்டு லட்சம் பொடிக் கட்டங்களாக நறுக்குவாள். அதன் மேல் நெருப்பை நடக்கவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு இழுப்பு, எது எதைத் தள்ளுகிறது என்று கணக்கெடுக்கச் சொல்வாள். ஒரு ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம் அது முனகும். கடைசியில் திரையில் ஒரு வளையம் வந்து உட்காரும். சிவப்பாக இருந்தால் இழுபடுகிற இடம், நீலமாக இருந்தால் நெரிபடுகிற இடம்.

இந்த நாற்காலி அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. டிப்ளமோ முடித்ததும் அவளை வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் அறையில் போட்டார்கள். ஒன்பது வருஷம். மை வாடையும் மெஷின் சூடும். அப்புறம் ஒரு இன்ஜினியர் இந்த சாஃப்ட்வேரோடு வந்து சேர்ந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சித்தி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதலில் அவனுக்கு எரிச்சல், பிறகு பழகிவிட்டது, பிறகு அவனே சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். ஒரே வருஷத்தில் அதிகச் சம்பளத்துக்கு ஓடிப்போனான். போகும்போது, வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் சாவியைக் கொடுக்கிற மாதிரி, பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வேறு யாருக்கும் அதை இயக்கத் தெரியாததால் நாற்காலி அவளுக்கு வந்தது. கம்ப்ரஸருக்குப் பக்கத்து அறை. ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் வெல்டிங் கூடம் முழுக்கத் தெரியும். பேசினால் கத்திப் பேச வேண்டும். அதனால் சித்தி அனேகமாகப் பேசுவதே இல்லை.

வெல்டிங் கூடத்தின் தலைமை வெல்டருக்கு நேர்கோடு என்று பெயர். அவர் பற்றவைத்தால் கோடு கிழித்த மாதிரி போகும், அதனால். சித்தியின் அக்காவைக் கட்டிக்கொண்டவரும் அவரேதான். அதாவது எழுதுகிறவளின் அப்பா. கீழ் வீட்டில் அவர் குடும்பம், மாடி வீட்டில் சித்தி. சித்தப்பா கப்பலில். வருஷத்தில் பத்து மாதம் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், சித்தி புதிதாக ஒரு முறை சொன்னாள். வளையத்தை ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைக்க வேண்டாம். கால்வட்டம் கால்வட்டமாக, எதிரெதிரே மாற்றி மாற்றிப் போடுங்கள். முடிந்த பிறகு, வளையத்தை அழுத்திப் பிடித்திருக்கும் பத்து கிளாம்ப்பையும் நாற்பது நிமிடம் கழட்டாமல் ஆறவிடுங்கள். அப்படிச் செய்தால் கோணல் கால் மில்லியைத் தாண்டாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த முறையில் இருபது வளையம் செய்தார்கள். பதினொன்று கோணியது, அதுவும் முக்கால் மில்லிக்கு மேல். மீதி ஒன்பது எப்படியோ அரை மில்லிக்குள் ஒட்டிக்கொண்டு தப்பித்தது.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு உள்ளங்கை படம் ஒட்டியிருந்தது, ரேகையோடு. கீழே: 'வளையத்தின் எதிர்காலம் அறிய கம்ப்ரஸர் பக்கத்து அறையை அணுகவும். பரிகாரமும் உண்டு.' சித்தி அதைக் கிழிக்கவில்லை. நின்று படித்தாள். 'அணுகவும்' என்பதில் ணகரம் தப்பாக இருந்தது, பேனாவால் திருத்திவிட்டுப் போனாள்.

கேண்டீனில் நேர்கோடு மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தட்டோடு கடந்தபோது அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மேடம், இன்னிக்கு எங்க வளையத்துக்கு ராசி எப்படி?"

"நான் சொன்ன மாதிரி செஞ்சா நல்லா இருக்கும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அவர். "இங்க கூடம் நேராத்தான் இருக்கு. வளையம்தான் கோணுது. இதுக்கு என்ன பழமொழி?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். சித்தி வேறு மேசையில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசி கூடும்.

திங்கட்கிழமை மேனேஜர் அவள் அறைக்கே வந்தார். உட்காரவில்லை.

"சனிக்கிழமை வாங்குற கம்பெனி இன்ஸ்பெக்டர் அம்மா வர்றாங்க. உங்க கம்ப்யூட்டர் சொன்னது ஏன் நடக்கலன்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லன்னா இந்த அறை ஸ்டோர் ரூம் ஆயிடும். நீங்க பழைய இடத்துக்குப் போயிடலாம். அந்த மெஷின் உங்கள மறந்திருக்காது."

போகும்போது கதவைச் சாத்தாமல் போனார். வேண்டுமென்றே.

சித்தி கோணின பதினொன்றின் அளவுத் தாள்களையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். கோணல் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோண வேண்டும் அல்லவா? இல்லை. பதினொன்றும் ஒரே இடத்தில்தான் உள்ளே அமுங்கியிருந்தன. நாலாவது கால்வட்டத்தில். கடைசியாகப் பற்றவைத்த இடத்தில்.

அவளுக்கு எங்கோ சுருக்கென்றது. நாற்பது நிமிடம் ஆறின வளையத்துக்கு முதல் இடம் என்ன, கடைசி இடம் என்ன? எல்லாம் ஒரே சூடுதானே இருக்கும். கடைசி இடம் மட்டும் தனியாக அமுங்குகிறது என்றால், பிடி விலகும்போது அந்த இடம் மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

கிளாம்ப்பை முப்பது நிமிடத்தில் கழட்டினால் என்ன ஆகும் என்று ஓடவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது இருபது என்று போட்டுவிட்டுப் போனாள். லேசாக அமுங்கியது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு. அரை மில்லியைத் தாண்டியது. அன்று கிளம்பும்போது எட்டு.

புதன்கிழமை காலையில் பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்தாள். நாலாவது கால்வட்டத்தில் பள்ளம். அளவுத் தாளை எடுத்துத் திரையின் மேலேயே வைத்துப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். நேராக ஜன்னலுக்குப் போய் நின்றாள். கூடத்தில் நேர்கோடு ஒரு வளையத்தை முடித்து முகமூடியைத் தூக்கினார். தண்ணீர் குடித்தார். பக்கத்திலிருந்தவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். பிறகு குறடை எடுத்து ஒவ்வொரு கிளாம்ப்பாகத் தட்டிக் கழட்டினார். சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை.

மத்தியானம் கூடம் காலியாக இருந்தபோது இறங்கிப் போனாள். ஆணியில் பதிவேடு தொங்கியது. ஒவ்வொரு வளையமும் எவ்வளவு நேரம் ஆறியது என்று எழுதுகிற பதிவேடு. அதை நம்பித்தான், சொன்னபடி ஆறவிடுகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். நாற்பது, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பது. சந்தேகம் வராமல் இருக்க அங்கங்கே ஒன்று கூட்டிக் குறைத்து எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். வியாழக்கிழமைப் பக்கமும் நிரம்பியிருந்தது. வெள்ளிக்கிழமையும். இன்னும் பிறக்காத வளையமெல்லாம் நாற்பது நிமிடம் சமர்த்தாக ஆறி முடித்திருந்தன.

கையெழுத்து அவளுக்குத் தெரிந்த கையெழுத்து. கீழ் வீட்டு லெட்டர் பெட்டியில் பெயர் எழுதியிருக்கிற அதே கை.

கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். அழித்தாள். நாலடி நடந்து திரும்பி வந்து மறுபடி எடுத்தாள்.

இரண்டு நாள் அந்தப் படத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். காட்டினால் நாற்காலி மிஞ்சும், அக்கா வீடு மிஞ்சாது. காட்டாவிட்டால் அக்கா வீடு மிஞ்சும், அவள் மை வாடைக்குத் திரும்பிப் போக வேண்டும், வளையம் பாட்டுக்கு எட்டு நிமிடத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரிக் கணக்கைக் கட்டம் கட்டமாக நறுக்கிப் பார்க்க அந்த சாஃப்ட்வேரில் வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கிப் போனாள். நேர்கோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு விஷயம்."

"இங்க வந்தா மாமாவா? சொல்லு."

"கிளாம்ப்ப எட்டு நிமிஷத்துல கழட்டுறீங்க. ரெஜிஸ்டர்ல நாப்பதுன்னு இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"ஜன்னல்லேருந்து பாத்தேன். அதுக்கு முந்தியே கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுபோச்சு."

"பரவால்லையே. வேவு பாக்கவும் அதுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு."

"நாளைக்கு நீங்களே சொல்லிடுங்க மாமா. ஒரு ஷிஃப்ட்டுக்கு ஏழு வளையம் கேட்டா இப்படித்தான் ஆகும்னு சொல்லுங்க. நான் உங்க பின்னாடி நிக்கிறேன்."

"பத்தொம்பது வருஷமா நெருப்புக்கு முன்னாடி நிக்கிறவன் நான். நீ பின்னாடி நின்னு என்னத்தக் கிழிக்கப் போற?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன்டி, உன் நாற்காலிக்கு முட்டுக்குடுக்க என் வீட்டுக்காரர் தலைதான் கெடச்சுதா?"

"நாற்காலி போனாப் போகுதுக்கா. அந்த வளையம் ஆகாசத்துல போகப் போகுது."

"கோணினதத்தான் ஒதுக்கிட்டாங்களே. எது போகுது?"

"கோணாம தப்பிச்ச ஒம்பது இருக்கே. அது உள்ளுக்குள்ள எவ்வளவு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு எந்த அளவுகோலுக்கும் தெரியாது. என் கணக்குல மட்டும்தான் தெரியும். அதுல சிவப்பா இருக்கு."

"உன் கண்ணுலதான் சிவப்பு," என்றார் நேர்கோடு. அமைதியாகத்தான் சொன்னார். "ஆத்தாளுக்கும் மகளுக்கும் சோறு போடுற கை இது. இத நீ கம்ப்யூட்டர்ல வச்சு நறுக்குற. போம்மா, போ. நாளைக்கு அங்க பாத்துக்கலாம்."

சித்தி படியேறும்போது, கேட்கட்டும் என்றே அக்கா சொன்னாள்: "வளத்த கடா மாருல பாயும்னு சொல்லுவாங்க. தங்கச்சியும் பாயும்னு இப்பத்தான் தெரியுது."

சனிக்கிழமை. நீள மேசை. ஒரு பக்கம் மேனேஜர், எதிரே இன்ஸ்பெக்டர் அம்மா, கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையில் நேர்கோடு. சித்தி மூன்று படங்களைத் திரையில் போட்டாள். பேசும்போது நாக்கு ஒட்டியது. கம்ப்ரஸர் இல்லாத அறையில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"முதல் படம் நாப்பது நிமிஷம் ஆறின வளையம். ரெண்டாவது எட்டு நிமிஷம். மூணாவது கோணிப்போய் ஒதுக்கினது. எது எது மாதிரி இருக்குன்னு பாத்துக்குங்க."

பதிவேட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறக்காமலே தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள், பாவம். இன்ஸ்பெக்டர் அம்மா படங்களை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பது நிமிஷம் ஆறவிட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"ரெஜிஸ்டர்ல இருந்தது."

"ரெஜிஸ்டரை யார் எழுதுறாங்க?"

சித்தி மேசையைப் பார்த்தாள். மேனேஜர் சித்தியைப் பார்த்தார். மின்விசிறி தன் வேலையைப் பார்த்தது. கைபேசி அவள் மடியில்தான் இருந்தது. படம் அதற்குள் இருந்தது. அவள் கை அதன் மேல் போய், அப்படியே நின்றது.

"நான்தான் எழுதுறேன்," என்றார் நேர்கோடு. எழுந்து நின்றார். "வாரத் தொடக்கத்துலயே மொத்தமா எழுதிடுவேன். பூட்டிப் பத்தவைக்க ஒரு மணி நேரம். நாப்பது ஆறவச்சா எட்டு மணி நேரத்துல நாலு வளையம். பிடிச்சு வைக்கிற சட்டம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா ஏழு வேணும். ஏழுன்னு சொன்னது நானா? இவரக் கேளுங்க."

மேனேஜர் உடனே தண்ணீர் குடித்தார். "நான் எட்டு நிமிஷத்துல கழட்டச் சொல்லல."

"சொல்லல. நாலு வந்த அன்னிக்கு எங்க எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுப் பேசினீங்க. அது போதாதா?"

பிறகு அவர் சித்தியின் பக்கம் திரும்பினார். அவளை அப்படி யாரும் அதுவரை பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "உனக்குத் திருப்திதானே," என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

முடிவு இதுதான்: ஷிஃப்ட்டுக்கு நாலு வளையம். இன்னும் இரண்டு சட்டத்துக்கு ஆர்டர். தப்பித்த ஒன்பது வளையமும் திரும்பி வரும். சித்தியின் அறை சித்தியிடமே இருக்கும். நோட்டீஸ் போர்டில் உள்ளங்கை இருந்த இடத்தில் யாரோ பல்லி படம் வரைந்து, 'சொல்லும் பல்லி' என்று எழுதினார்கள். ஜெயித்தவளை யாருக்குப் பிடிக்கும். கேண்டீனில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசை தானாகவே காலியானது.

திங்கட்கிழமை முதல் நாற்பது நிமிட வளையம். பற்றவைத்து முடித்ததும் கூடத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்து பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றார்கள். நாற்பதாவது நிமிடம் கிளாம்ப் கழன்றது. அளந்தார்கள். கால் மில்லி. நேர்கோடு கையுறையை உருவிவிட்டு, உள்ளங்கையை அந்த வளையத்தின் மேல் வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம், "அவ கணக்கு சரிதான்டா. என் மச்சினிச்சி சொன்னா சொன்னதுதான்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எண்களெல்லாம் சரிதானா என்று பார்க்கச் சொல்லித்தான் இதுவரை எழுதிய இத்தனையும் சித்தியிடம் கொடுக்கப்பட்டது. அவள் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். விமானம், மேகம், செருப்பு எல்லாவற்றையும் முகத்தில் ஈ ஆடாமல் கடந்தாள். 'ஜோசியக்காரி'யைக் கடந்தாள். கடைசிப் பத்தியில் பென்சில் நின்றது.

"இத யாரு சொன்னா உனக்கு?"

"அப்பாதான்."

"எப்ப?"

"அன்னிக்குச் சாயங்காலம். வேலை முடிஞ்சு வந்து."

"திங்கக்கிழமை வேலைக்குப் போனாராமா உங்கப்பா?"

எழுதியவள் மேசை விரிப்பின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ரெஜிஸ்டர்ல பொய் எழுதினதுக்குப் பதினஞ்சு நாள் சஸ்பென்ஷன். ஞாயித்துக்கிழமையே லெட்டர் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை காலைல நான் கிளம்புறப்ப கீழ வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். என்னப் பாத்ததும் பேப்பரத் தூக்கி மூஞ்ச மறைச்சுக்கிட்டார். சஸ்பென்ஷன்னு ஒரு வார்த்த இதுல எங்கயாச்சும் இருக்கா?"

"விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. விட்டுட்ட. நடக்காத நேரத்த முன்கூட்டியே எழுதி வைக்கிறது உங்க குடும்ப வழக்கமாடி?"

"என்னிக்காவது அவர் அப்படிச் சொல்லுவார்னு நெனச்சேன்."

"சொல்லல இல்ல?"

"இன்னும் சொல்லல."

சித்தி தாள்களைத் தட்டி அடுக்கினாள். அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. பென்சிலை எழுதியவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

"நாப்பது நிமிஷம் அந்த வளையத்துக்குப் பக்கத்துல நின்னது நான். யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அத எழுது."